ஆள் இருக்கு

சித்திரை வெயிலில் தார் இளகிக் கிடந்த பகல் பதினொன்றுக்கு
கீழக்கரை முக்கு ரோட்டில் என் பட்டறைக்கு வந்து
சீட் சூடாக மாட்டேங்குது என்றார் ஒருத்தர்.

தவசி சிரித்துவிட்டான்.
ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

சீனி இபுறாம்சா சிரிக்கவில்லை.
இருபத்தோரு வருஷம் சங்கு குளித்தவர்.
பத்துப் பாகம் ஆழத்தில் ஓஸைப் பல்லில் கடித்திருந்து
அவசரமாய் மேலே வந்த ஏதோ ஒரு நாள்
வலது இடுப்பில் தங்கிவிட்டது.
எலும்பு செத்துப்போச்சு என்று
ராமநாதபுரத்து டாக்டர் படத்தைக் கவரில் போட்டுக் கொடுத்தாராம்.
இப்போது டாக்சி.
இரவு இரண்டு மணிக்கு மதுரை ஏர்போர்ட் சவாரி.
சூடு பட்டா கொஞ்சம் விடுது, என்றார்.
அவ்வளவுதான் சொன்னார்.

சீட் வந்த கதை தனி.
ஜெர்மனிப் பனிக்கென்று செய்தது.
ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும் ஊர்;
அங்கே இது பக்கத்தில் சும்மா வருகிறவர் சீட்.
வண்டி நொறுங்கி, கன்டெய்னர் ஏறி,
கொச்சியில் பழைய இரும்போடு இறங்கி,
யாரோ இவர் காரில் வலப்பக்கம் மாட்ட
ஓட்டுகிறவர் சீட்டாகிவிட்டது.
இது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

பதினைந்து ஆம்ப்ஸ் ஃபியூஸ் நன்றாக இருந்தது.
ரிலே டிக் என்றது.
சீட்டுக்கடியில் எர்த் போல்ட்டைத் திருப்பினால்
பச்சைப் பச்சையாய் உப்பு பூத்திருந்தது.
கச்சான் காற்று நுழையாத இடம் இந்த ஊரில் ஏது.
சுரண்டி, கிரீஸ் வைத்து,
ஆச்சு பாய் என்றேன் பெருமையாக.
ஆகவில்லை.
வெயிலில் நின்ற சீட் ஏற்கெனவே நாற்பத்தாறு டிகிரி.
இதற்கு மேல் எதற்கு என்று தெர்மிஸ்டர் கையை விரித்தது.
ராத்திரி பார்ப்போம் என்றேன்.

ராத்திரி, ஜெட்டி ஓரம்.
தவசி உட்கார்ந்தான், தொண்ணூற்றிரண்டு கிலோ.
ஐந்து நிமிஷத்தில் எழுந்து பின்பக்கம் தேய்த்துக்கொண்டான்.
நான் உட்கார்ந்தேன். இட்லிச் சட்டி மேல் உட்கார்ந்த மாதிரி.
அவர் உட்கார்ந்தார்.
இரண்டு நிமிஷம்.
ஆரஞ்சு விளக்கு அணைந்தது.
மறுபடி போட்டோம். மறுபடி இரண்டு நிமிஷம்.
எம்மேல அதுக்கு என்ன கோவம், என்றார்.

டார்ச்சை சீட்டில் அடித்தவன்
தற்செயலாய் அவர் மேல் அடித்தேன்.
முழு உடம்பும் இடது பக்கம்.
வலப்பக்கம் ஓர் ஓலை நுழையும் இடைவெளி.
முப்பது கிலோமீட்டரோ முந்நூறோ
இப்படித்தான் ஓட்டிப் போகிறார் போல.

அப்போதுதான் அந்த ஊர்க் கணக்கு பிடிபட்டது.
பக்கத்து சீட்டில் ஆள் வரலாம், வராமலும் போகலாம்.
வெறும் சீட்டுக்குச் சூடு தண்டம்.
அதனால் மெத்தைக்குள் ஒரு தகட்டை வைத்து
ஆள் இருக்கா, ஆள் இருக்கா என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.
வலிக்குச் சூடு வேண்டும்.
வலிக்கு ஒதுங்கி உட்கார்ந்தால்
ஆள் இல்லை.

மூன்று ரூபாய் ரெசிஸ்டர் போதும்,
வயரை வெட்டிக் கோத்துவிட்டால்
ஆள் இருக்கு என்று எப்போதும் பொய் சொல்லும்.
கை அதற்குத்தான் போனது.
சுவிட்சை அணைக்க மறந்து இவர் தொழுகைக்குப் போய்விட்டால்
வெறும் சீட் கருகும்.
வைத்துவிட்டேன்.

பதினொரு கிளிப் கழற்றி உறையை உரித்து
தகட்டை இடப்பக்கம் நாலு விரல் நகர்த்தி
டேப் போட்டு ஒட்டினேன்.
உட்காருங்க. நேரா வேணாம், எப்பவும் மாதிரி.

தவசி வாட்சைப் பார்த்தான்.
நான் விளக்கைப் பார்த்தேன்.
அவர் வலைப் படகுகளின் வெளிச்சத்தை எண்ணுவது போல்
கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.
இரண்டு நிமிஷம் தாண்டியது. ஐந்து. எட்டு.
ம், என்றார்.
கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை.

பில் புத்தகத்தில் என்ன எழுதுவது என்று யோசித்து
சென்சார் நகர்த்தியது, 350 என்று எழுதினேன்.
வாங்கி டார்ச் வெளிச்சத்தில் படித்தார்.
பகல்ல வேலை செய்யாதுல்ல,
அம்பது கொறச்சுக்குங்க.