கடைசி பெஞ்சு

காலை முதல் மணியில் நான் மிஸ்.
தேவைக் கோடு வரைகிறேன்,
இடமிருந்து வலமாக இறங்கும்
எல்லாருக்கும் தெரிந்த அந்தக் கோடு.
ஒன்பது வருஷமாக ஒரே வளைவு.
நடுவில் எங்காவது அறுந்திருக்குமோ என்று
பிள்ளைகள் கேட்டதில்லை. நானும்.

மதியம் இரண்டு பத்துக்கு
அதே கட்டடத்தின் மாடியில், கணக்குப் பிரிவில்,
கடைசி பெஞ்சு.
"அட்டெண்டன்ஸ் போட முடியாதுங்க மேடம்" என்றார் துறைத்தலைவர்.
மணிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவளுக்கு
வெளிநாட்டில் முனைவர் படிப்பு எதற்கென்று கேட்கவில்லை.
நல்ல மனுஷன்.
நான்தான் கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன்:
ஒரு விண்ணப்பக் கட்டணம், என் பதினாறு வகுப்பு.

வெள்ளிக்கிழமை. திருமங்கலம் ஆட்டுச்சந்தை கலைந்து
குட்டியானை வண்டிகள் திரும்புகின்றன,
விலை போகாத ஆடுகளோடு.
விலை இறங்கினால் சந்தை தீர்ந்துவிடும் என்று
காலையில்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

எப்சிலான்.
மூன்று வாரம் அதை ஓர் எண் என்று நினைத்திருந்தேன்.
எண் இல்லை, எதிராளி.
எவ்வளவு நெருக்கம் வேண்டும், கேள்.
மயிரிழையா, அதில் பாதியா, கேள்.
நீ கேட்ட பிறகுதான் நான் டெல்டாவைச் சொல்வேன்.
முந்திச் சொன்னால் தோற்றேன்.

பக்கத்தில் ஒச்சம்மாள், கருமாத்தூர், பத்தொன்பது வயசு.
என் நோட்டை இழுத்து வைத்து வாசித்தாள்.
பென்சிலால் ஒரு வட்டம் போட்டாள்.
"'ஒவ்வொரு'வையும் 'ஒரு'வையும் இடம் மாத்திப் போட்டுட்டீங்க மிஸ்."

ரெண்டும் ஒன்றுதானே என்றேன்.

"ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு சாவி இருக்கு.
ஒரு சாவி இருக்கு, ஒவ்வொரு பூட்டுக்கும்.
ஒன்னா மிஸ்?
ரெண்டாவது திருடன் கையில இருக்கறது."

அழித்தேன்.
ரப்பர் பட்டுத் தாள் கிழிந்தது.

மாலை ஷேர் ஆட்டோவில்
என் கால்மாட்டில் ஒரு கிடாய்.
கயிற்றைப் பிடித்திருந்தவர்
யாரிடமும் இல்லாமல் பேசிக்கொண்டு வந்தார்:
"மேலூர்ல பதினோராயிரம் போகும்.
இங்க ஒன்பதுக்குக் கேக்கறான்.
அங்க கொண்டுபோக வண்டிக்கு யார் குடுப்பா?"

ஒவ்வொரு சந்தைக்கும் ஒரு விலை உண்டு.
ஒரு விலை உண்டு, ஒவ்வொரு சந்தைக்கும்.
முதலாவதை நிரூபிக்கவே
தொடர்ச்சி வேண்டும், குவிவு வேண்டும்,
நான் இன்னும் எட்டாத ஏழாம் அத்தியாயம் வேண்டும்.
இரண்டாவதையோ
ஒன்பது வருஷமும் ஒரே மூச்சில் சொல்லி
கரும்பலகையைத் துடைத்திருக்கிறேன்.

எதிர் உதாரணம் தலையைத் தூக்கி
என் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த நோட்டின் முனையை
மெல்லத் தொடங்கியது.
"ஏய், விடு" என்று அவர் கயிற்றை இழுத்தார்.

இருக்கட்டும் என்றேன்.
கப்பலூர் தாண்டும்வரை
அதன் தாடை அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
திங்கட்கிழமை முதல் மணி.
சாக்பீஸை எடுக்காமல் வரைய முடியுமா, பார்க்க வேண்டும்.