பதினேழு நிமிடக் கப்பல்

வள்ளத்து என்ஜின் உதிரிகள் அடுக்கிய அலமாரியில்
பிஸ்டன் வளையங்களுக்கு மேல்தட்டில்
ஒரே கப்பல் படத்தை
நாலு தடவை வைத்திருக்கிறேன்.

ஒன்றரை மணி நேரப் படத்தைப்
பதினேழு நிமிடமாக வெட்டி,
வீட்டுச் சுவரில் போட்டுப் பார்க்கச் சொல்லி
அட்டைப்பெட்டியில் விற்றிருக்கிறார்கள்.
சுண்டுவிரல் நகத்தின் அகலம்தான் ஃபிலிம்.
நாட்டுக்கு நாடு கத்திரி வேறு.

முதல் சுருளை ஸ்தனிஸ்லாஸ்
கியர் மாற்றிய கூலிக்குப் பதிலாகத் தந்தான்.
கப்பல்காரன், கையில் காசு நிற்காது.
அடுத்த லீவில் ஹாம்பர்க் தெருச்சந்தையிலிருந்து
ஜெர்மன் சுருள் கொண்டுவந்தான்.
அன்று பிடித்த கிறுக்கு.

ஆங்கிலேயன் கப்பல் மூழ்குவதை முழுசாக வைத்திருக்கிறான்,
வெட்ட மனசு வரவில்லை போல.
ஜெர்மன்காரன் முப்பது விநாடியில் மூழ்கடித்துவிட்டு
என்ஜின் அறையை நிதானமாகக் காட்டுகிறான்.
எனக்குப் பிடித்த ஆள்.
இத்தாலிக்காரன் சுருளில் கப்பலே கொஞ்சம்தான்.
ஒரு கல்யாணம், வெங்காயம் உரிக்கும் சமையல்காரன்,
வேறெந்தச் சுருளிலும் இல்லாத ஒரு நாய்.
ஸ்பானிஷ் வரும்போதே காடி வாடையோடு வந்தது.
சுருங்கிப்போய் ப்ரொஜெக்டரில் ஓடாது.
பல்புக்கு நேரே பிடித்து
லென்ஸ் வைத்து ஒவ்வொரு கட்டமாகப் பார்க்கிறேன்.

ரப்பர் விளையும் மாவட்டத்தில்
ப்ரொஜெக்டருக்கு ஒரு ரப்பர் பெல்ட் கிடையாது.
தையல் மெஷின் பெல்ட்டை அறுத்து ஒட்டி ஓட்டுகிறேன்.
குளச்சல் காற்றின் உப்புக்கு
பெட்டிக்குப் பெட்டி அரிசி முடிச்சு.

துறையில் ஒரு பெண் நிற்பாள்.
ஆங்கிலத்தில் கை அசைப்பாள், கப்பல் போகும்.
இத்தாலியில் கப்பல் நகருமுன் திரும்பிவிடுவாள்.
ஜெர்மனில் கப்பல் போன பிறகும்
பதினொரு விநாடி நிற்கிறாள்.
இருநூற்று அறுபத்து நாலு கட்டம்,
எண்ணியிருக்கிறேன்.

அண்ணனின் என்ஜினைக் கேட்டு எமரென்சியா வந்தாள்.
ஸ்டுட்கார்ட்டில் பதினெட்டு வருஷமாக நர்ஸ்.
"இவ என்ன சொல்லுகா, கேட்டுச் சொல்லு" என்றேன்.
ஆங்கிலத்தில் அவள் சொல்வது: கடவுள் துணை.
எமரென்சியா இரண்டு தடவை கேட்டாள்.
சிரித்தாள்.
"சோறு ஆறிப்போவுது எண்ணு சொல்லுகா."

உதடு இரண்டுக்கும் பொருந்தவில்லை.
உண்மையில் என்ன சொன்னாளோ,
எந்த மொழியில் சொன்னாளோ.

கட்டஞ்சாயா ஆறிக்கொண்டிருந்தது.
சுருளைப் பின்னோக்கிச் சுற்றியபடி,
அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்:
"அண்ணைக்கு நான் திங்கள்சந்தைக்கு வந்தேன்.
திருவனந்தபுரம் பஸ் முந்தியே போயிட்டு."

"பஸ் போகேல்ல.
ஆறரை வரை நிண்ணுது.
டிரைவர் ரெண்டு சாயா குடிச்சான்.
மழை. எனக்க பெட்டி நனைஞ்சுது."

என் சுருளில் மழை இல்லை.
காலியான பஸ் ஸ்டாண்டு இருக்கிறது,
தரையில் எண்ணெய் கறை,
அதைச் சுற்றி நடந்த என் செருப்பு.
மழை பெய்திருந்தால்
கறையில் வானவில் ஓடியிருக்கும்,
மெக்கானிக்குக் கண்ணில் படாமல் போகுமா?
அவள் சுருளில் செருப்பு இல்லை.

யாரும் பொய் சொன்னதாகத் தெரியவில்லை.

"எந்தக் கிழமை?" என்று கேட்டேன்.
வியாழன் என்றாள்.
எனக்கு வெள்ளி.

ப்ரொஜெக்டர் விசிறி கொஞ்ச நேரம் தனியே சுற்றியது.
என்ஜினுக்குக் காசு எவ்வளவு என்றாள்.
சொன்னேன். பேரம் பேசினாள், நூறு குறைத்தேன்.
வாசலில் நின்று திரும்பி,
"அந்த நாய் கடேசியில பிழைக்குமா?" என்றாள்.

தெரியாது.
நாய் வரும்போது யாரோ ஏதோ கத்துகிறார்கள்,
இத்தாலியில்.
ரோமில் படித்த பங்குச்சாமி
திருவிழாக் கணக்கு முடித்துவிட்டு
செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.