ஒருமை

லேவண்டருக்கும் பூகிஸுக்கும் நடுவே
இரவு ஒன்றரைக்கு மின்சாரத்தை நிறுத்துவார்கள்.
ஹாஷிம் ஒரு எண்ணை வாக்கி டாக்கியில் சொல்லி
திருப்பி இரண்டு முறை சொல்லவைப்பார்.
பிறகுதான் தண்டவாளத்தில் கால்வைக்கலாம்.
நாலரைக்குள் ஏறிவிட வேண்டும்.
கர்த்தாவே, உமக்கும் எனக்கும்
இவ்வளவுதான் நேரம்.

மற்ற நேரங்களையும் முயன்று பார்த்தேன்.
காலையில் வீடு போய்க் குளித்து
முழங்காலில் நின்றால்
கட்டில் விளிம்பில் நெற்றி பட்டதும் தூக்கம்.
பியூலா முதுகில் போர்வையைப் போட்டுவிட்டு
வேலைக்குப் போயிருப்பாள்.
செல் குழுவில் தங்கையா அண்ணன்
கட்டம் போட்ட நோட்டு ஒன்று கொடுத்தார்:
தேதி, வசனம்,
தேவன் இன்று உன்னோடு பேசியது என்ன?
மூன்றாவது கட்டம்
பிப்ரவரி முழுக்கக் காலி.
பொய்யாய் ஏதாவது எழுதலாமென்று
ஒருநாள் பேனாவைத் திறந்தேன்.
மை வரவில்லை.

என் வேலை எளிது.
டார்ச்சைக் கீழே பிடித்து நடப்பது,
தண்டவாளக் கவ்விகளைச் சுத்தியலால் தட்டுவது.
இறுகியது ஒற்றைச் சொல்லாய் ஒலிக்கும்.
தளர்ந்தது தகரம்போல் உளறும்.
தட்டினால் திறக்கும் என்று கேட்டு வளர்ந்தவன்
ஆயிரத்து இருநூறு முறை தட்டி
ஒன்றும் திறந்துவிடக் கூடாதே என்று நடக்கிறேன்.

தட்டுக்கு ஒரு ஸ்தோத்திரம் என்று வைத்துப் பார்த்தேன்.
ஐம்பதாவதில் மனம் நழுவும்,
வீட்டுக் கடனுக்கு,
ஜெமிமாவின் கணக்குத் தாளுக்கு,
முன்னால் போகும் பாண்டித்துரையின்
குதிகால் பிய்ந்த பூட்ஸுக்கு.
போய்ப் பிடித்துக் கூட்டிவருவேன்.
மறுபடி ஸ்தோத்திரம்.

பாண்டித்துரை தன் ஐயனாரை
வாடா போடா என்பான்.
போன வருஷம் அவரோடு கோபித்துக்கொண்டு
நாலு மாதம் பேசவே இல்லையாம்.
சிரித்தேன்.
பொறாமையாகவும் இருந்தது.
நான் உம்மோடு சண்டைபோட்டாலும்
நீர், உமது, உம்முடைய சமூகத்தில் என்று
சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டல்லவா
சண்டைபோட வேண்டியிருக்கிறது.

அந்தச் செவ்வாய்க்கிழமை
வளைவு திரும்பியதும் என் டார்ச் அணைந்தது.
முன்னால் வெளிச்சம் இல்லை. பூட்ஸ் சத்தம் இல்லை.
எங்கோ ஒரு சொட்டு.
மின்சாரம் இல்லை என்று தெரிந்தும்
உடம்பு நம்பவில்லை.

"எங்கே இருக்கே நீ?"

பாண்டித்துரையைத்தான் கூப்பிட்டேன்.
சுரங்கம் சுற்றி வாங்கித்
திருப்பித் தந்தது:
எங்கே இருக்கே நீ.

என் குரல்தான், தெரியும்.
ஆனால் தோட்டத்தில் ஒளிந்துகொண்டவனிடம்
முதன்முதலாய்க் கேட்கப்பட்டதும்
இந்தக் கேள்விதானே.
அப்போதும் ஒருமையில்தான் கேட்டிருப்பீர்.

இங்கேதான் என்றேன்.
கொஞ்சம் சத்தமாகவே.
பிறகு, யாரும் இல்லை என்ற தைரியத்தில்,
நீயும் இங்கேதானா?
நாக்கு கூசியது.
ஆலயத்துக்குள் ஈரக்காலோடு
ஓடிவந்துவிட்ட பிள்ளை மாதிரி நின்றேன்.
இடி விழவில்லை. பதிலும் வரவில்லை.
பாண்டித்துரை வந்தான்,
சிறுநீர் கழிக்கப் போயிருந்தானாம்,
"யாருகிட்ட அண்ணே பேசுறீங்க?"

லேவண்டரில் முதல் ரயில்.
எதிரே ஒரு சீனப் பாட்டியம்மாள்
மடியில் காய்கறி வண்டியோடு தூங்குகிறார்.
நான் முடுக்கிய இடத்தின்மேல் போகிறோம்.
பாதத்தால் கேட்டுப் பார்க்கிறேன்.
ஒரு சத்தமும் இல்லை.
எங்கள் தொழிலில் அது நல்ல செய்தி.
அதை உம்மேல் ஏற்றிச் சொன்னால்
தங்கையா அண்ணன் ஞாயிற்றுக்கிழமை
சாட்சி சொல்லக் கூப்பிடுவார்.
சொல்ல மாட்டேன்.

பூன் லேயில் இறங்கி
கோப்பி ஓ ஆறும்வரை நோட்டைத் திறந்தேன்.
மூன்றாவது கட்டத்தில் எழுதினேன்:
எங்கே இருக்கே?

கேட்டது யார் என்று எழுத
கட்டத்தில் இடம் போதவில்லை.