அடிமணல்

அனுப்பர்பாளையத்து வாடகை வீட்டில்
நாலடிக் கண்ணாடித் தொட்டி,
ஒரு வாரமாய்க் காலி.

நொய்யல் மணலில் வினிகர் விட்டேன்.
கம்முனு கிடந்தது.
காங்கயம் ரோட்டில் பொறுக்கிய சுக்கான் கல்
சுர்ரென்று நுரைத்தது,
பந்தியில் இலை கிடைக்காத ஒறம்பரை மாதிரி.

"அடியில எதுக்குங்க மண்ணு?
வெறுங்கண்ணாடின்னா தொடைக்கச் சுளுவு"
என்கிறாள் சுகந்தாமணி.
மணலுக்குள் புதைந்து தூங்கும் மீன் உண்டு
என்றேன்.
நானும் பார்த்ததில்லை.

கடைசியில் கூரியரில் வந்தது
அரகோனைட் மணல், பன்னிரண்டு கிலோ.
அந்த மாத ஓவர்டைம் முழுக்க.
கொட்டியதும் தொட்டி பாலாய்க் கலங்கிற்று.

நைட் ஷிப்டு முடிந்து வந்தால்
தெளிந்திருக்கிறது.
மீனில்லை, பவளமில்லை.
வெள்ளையாய் ஒரு தரை மட்டும்.

சுகந்தாமணி விரலை விட்டு
நாக்கில் வைத்துப் பார்க்கிறாள்.
ராமேஸ்வரத்துக்கு ஒருதரம் போனவள்.
"உப்புப் பத்தலீங்க."