ஒற்றைச் சரி

போயா விடுமுறை.
வங்கிக்குப் போகத் தேவையில்லை என்பதை
அலாரம் அடித்து ஓய்ந்த பிறகுதான் உடம்பு நம்பியது.
கல்லடியில் இன்றைக்குக் காற்றில்லை.
கடலும் வாவியும்
ஒரே கயிற்றில் உலரப்போட்ட இரண்டு சேலைகள் மாதிரி
அசையாமல் கிடக்கின்றன.

எட்டு மணிச் செய்தியில் முப்பத்தொன்று.
நான் கீரிமீன் கழுவிக்கொண்டிருந்தேன்.
தொகை சொன்ன அதே குரல்
வானிலைக்கு மாறும்போது செருமிக்கொள்ளவும் இல்லை.
ஊர்ப்பெயரை மட்டும் ஒரு தடவை தப்பாக உச்சரித்துத்
திருத்திக்கொண்டது.

பாண் ஆட்டோ வந்தது, தன் பழைய மெட்டோடு.
"கப்பலெல்லாம் சுத்திப் போகுதாம் அக்கா,
அடுத்த கிழமை மா ஏறும்"
என்றபடி ஜெயரூபன்
இருபது ரூபாய் மிச்சத்துக்கு ரெண்டு டொபி தந்தான்.
உலகம் எங்கள் ஒழுங்கைக்குள்
இப்படித்தான் நுழைகிறது,
டொபித் தாளில் சுற்றி.

விமலகாந்தன் விடிந்ததிலிருந்து
மின்விசிறியைக் கழற்றிப் போட்டு
ஒரு திருகாணியைத் தேடுகிறார்.
திருகாணி தேடும் மனிதரிடம்
போரைப் பற்றிப் பேச முடியாது.
கட்டிலுக்கடியில் கிடந்தபடி
"எத்தனையாம் இப்ப?" என்று மட்டும் கேட்டார்.
நாற்பத்தேழு என்றேன்.
தரையைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றது.
பிறகு தடவியது.

பத்தரைக்கு முன்வீட்டுப் புஷ்பமலர் வந்தாள்
கிண்ணத்தோடு.
"கொஞ்சம் உறை தாகா."
அவள் மகன் நிதுஷன் அங்கேதான்,
தப்பாக உச்சரிக்கப்பட்ட அந்த ஊருக்கு
நாற்பது கிலோமீற்றர் தள்ளி,
தக்காளிக் கூடாரத்தில்.
உறை வாங்கிய பிறகும் அவள் போகவில்லை.
முருங்கையில் மயிர்க்கொட்டி ஏறியதைச் சொன்னாள்.
சாம்பல் தூவு என்றேன்.
"சாம்பலுக்கு எங்க போறது, எல்லாரும் காஸ்தானே?"
அதில் சிரிக்க எதுவுமில்லை. சிரித்தோம்.
மறுகா
போனை என் மகளிடம் நீட்டி
"இது ரெண்டாகிட்டுதா பாரு புள்ள,
கண்ணாடி கொண்டுவரல்ல" என்றாள்.
கண்ணாடி அவள் தலையில் இருந்தது.
நேற்றிரவு ஒன்பது பன்னிரண்டு:
'சாப்பிட்டயா'.
பக்கத்தில் ஒற்றைச் சரி, சாம்பல் நிறத்தில்.

"அங்க கரண்ட் இல்லாம இருக்கும் அன்ரி."
பதின்மூன்று வயதில்
இவ்வளவு நேர்த்தியாய்ப் பொய் சொல்ல
நான் அவளைப் பழக்கவில்லை.

மீன்செதிளைத் தாளில் சுருட்டும்போது நினைத்தேன்:
நாங்களும் ஒருகாலம் எண்ணாக இருந்தவர்கள்.
கடல் வந்த கிழமை
இந்த ஒழுங்கையையும் ஓர் எண்ணுக்குள் மடித்து
எங்கோ ஒரு குசினியில் வாசித்திருப்பார்கள்.
யாரோ ஒருத்தி வெங்காயம் அரிவதை நிறுத்தி
"எந்தப் பக்கம் இந்த ஊர்?" என்று கேட்டிருப்பாள்.
கேட்டிருக்க வேண்டும்.
அவ்வளவுதான் அவளிடம் நான் எதிர்பார்த்தது.
இல்லை, பொய்.
அப்போது நான் எவரிடமும் எதையும் எதிர்பார்க்கவில்லை.
ஒரு சோடிச் செருப்பு தேவைப்பட்டது.

மத்தியானம் சொதி, கீரிமீன் பொரியல்.
நன்றாகத்தான் இருந்தது.
அதைச் சொல்ல வெட்கமாய் இருந்தது.
இரண்டாந்தரமும் சோறு போட்டுக்கொண்டேன்.

மூன்று மணிக்குத் திருகாணி அகப்பட்டது,
மகளின் பள்ளிச் சப்பாத்துக்குள்.
விசிறி சுழன்றது.
ஒரு பத்து நிமிஷம்
அந்தச் சந்தோஷம் வீடு முழுக்க அடித்தது.

மாலைச் செய்தியை நான் போடவில்லை.
மகள் போட்டாள்.
நான் நிறுத்தவுமில்லை.

இரவு கேற்றைப் பூட்டப் போனால்
முன்வீட்டு முருங்கைக்குக் கீழே வெளிச்சம்.
போனைக் கிளையில் சாத்தி வைத்துவிட்டு
புஷ்பமலர் மயிர்க்கொட்டிகளை ஈர்க்கால் தட்டி
வாளிக்குள் விழுத்திக்கொண்டிருந்தாள்,
ஒவ்வொன்றாக.
இடையிடையே போனைத் திருப்பி
அதன் முகத்தைப் பார்த்தாள்.

"என்னகா இந்த நேரம்?"

"நித்திரை வரல்ல.
தயிரும் இன்னும் உறையல்ல."

வேறெதுவும் கேட்கவில்லை.
விளக்குமாற்றில் ஓர் ஈர்க்கை உருவிக்கொண்டு
ஒழுங்கையைக் கடந்தேன்.