கடன் வாங்கிக் கழித்தல்

கடிதத்தைத் தட்டச்சு செய்தவள் நான்தான்.
முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.
புனித லுட்மிலா பள்ளி அலுவலகத்தில்
இருபத்தாறு வருடமாக இதே நாற்காலி.
காய்ச்சல் பிள்ளைகளின் நெற்றியையும்
கட்டண ரசீதையும்
ஒரே கையால் தொட்டுப் பழகியவள்.

டெல்பின் குசேரா, மூன்றாம் வகுப்பு.
நெப்ராஸ்கா குளிரில் கார் கிளம்பாத நாளிலும்
மணிக்கு முன்னே வந்து
ரேடியேட்டர் மேல் பிள்ளைகளின் ஈரக் கையுறைகளைப்
பரப்பிக்கொண்டிருப்பாள்.

ஜனவரியில் அவளே வந்தாள்,
மகப்பேறு விடுப்புக்குப் படிவம் கேட்டு.
"ஏப்ரல் கடைசி" என்றாள்.
முதல்வர் ஸ்வோபோடா வாழ்த்துச் சொல்லவில்லை.
மேசை நாட்காட்டியைப் பின்னோக்கிப் புரட்டினார்,
போன வருடத்துக்குள் போய்,
ஜூலையில் விரல் நின்றது.
மோதிரமில்லாத ஜூலை.

அவள் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் கணக்குதான்.
மேலே இருப்பது போதாவிட்டால்
பக்கத்து இலக்கத்திடம் கடன் வாங்கு,
பிறகு கழி.
அவர் யாரிடமும் கடன் வாங்கவில்லை.
நேரே கழித்துவிட்டார்.

கையேடு, பக்கம் பதினான்கு:
திருச்சபையின் போதனைக்கு ஒத்த வாழ்வு.
அடியில் அவள் கையெழுத்து, நீல மையில்.
அதே அலமாரியில், இரண்டு கோப்பு தள்ளி,
கூடைப்பந்துப் பயிற்சியாளனின் கையெழுத்து,
அதே பக்கம் பதினான்கில்.
அந்த ஜூலையில் அவனும் இருந்தான்,
ஊருக்கே தெரியும்.
அவன் வயிறு தட்டையாக இருக்கிறது.
வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் ஜெயித்தோம்.

வேலியில் ஒரு பதாகை உண்டு:
ஒவ்வொரு உயிரும் ஒரு வரம்.
காற்றில் கிழியாமல்
மூலைகளை இழுத்துக் கட்டியதும் நான்தான்.
ஆகஸ்டில் ஒருநாள்
ஓமாஹாவுக்கு யாருக்கும் சொல்லாமல் போய் வந்திருந்தால்
திங்களன்று கரும்பலகையில் தேதி எழுதியிருப்பாள்.
பக்கம் பதினான்குக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.
முதல்வரிடம் இதை நான் சொல்லவில்லை.
சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன், மூடினேன்.

எனக்குக் கல்யாணம் எழுபத்தொன்பது, ஜூன்.
ரேமண்ட் பிறந்தது அந்த டிசம்பரில்.
"குறைமாசம், பாவம்" என்றார்கள்,
ஒன்பது பவுண்டுப் பிள்ளையை
மடி மாற்றி மடி வாங்கிக்கொண்டு.
ஞானஸ்நானத்தன்று பாதிரியாருக்கும் கை வலித்திருக்கும்,
வாய் திறக்கவில்லை.
ஊர் எனக்குக் கடன் கொடுத்தது,
முழுசாய் மூன்று மாசம்.
இன்றுவரை யாரும் திருப்பிக் கேட்டதில்லை.

அவள் போனது ஒரு புதன்கிழமை,
பிள்ளைகள் பூசையில் இருந்த நேரம் பார்த்து.
ஒரு அட்டைப்பெட்டி, ஒரு செடி.
மருத்துவக் காப்பீடு மாசக் கடைசி வரை
என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.
"சரி லோர்னா" என்றாள்.
என்னைத் திட்டியிருக்கலாம்.
பூசை முடிந்து வந்த ஒரு பையன்
மிஸ் குசேராவுக்கு உடம்பு சரியில்லையா என்றான்.
ஆமாம் என்றேன்.
பொய் சொல்வதைப் பற்றிக் கையேட்டில்
எந்தப் பக்கம் என்று நினைவில்லை.

மார்ச்சில் லிங்கன் நகர் அரசுப் பள்ளியிலிருந்து
ஒரு படிவம் வந்தது.
முன்னாள் ஊழியர்: குசேரா, டெல்பின்.
வேலையை விட்டு நீங்கிய காரணம்: ஒரு சிறு கட்டம்.
"நடத்தை மீறல் என்று போடு"
கோட்டை மாட்டிக்கொண்டே சொன்னார் முதல்வர்.
அந்த இரண்டு சொல் போதும்,
எந்தப் பள்ளியும் அவளுக்குச்
சாக்பீஸ் தராது.

அவர் கார் திரும்பி மறைகிறவரை பார்த்திருந்தேன்.
கட்டத்தில் ஒரே சொல் அடித்தேன்:
கர்ப்பம்.
பள்ளி முத்திரையை அழுத்தினேன், கொஞ்சம் அழுத்தமாகவே.
ஒரு நகல் என் கைப்பையில்,
அவளுக்கு என்றைக்காவது
வக்கீல் கிடைத்தால் ஆகும்.

என் கோப்பும் அந்த அலமாரியில்தான் இருக்கிறது.
பதினான்காம் பக்கம் எனக்கும் உண்டு.
மூன்றடிக்க இரண்டு நிமிடம் இருந்தது.
தபாலைப் பையில் போட்டுக் கட்டினேன்.
எழுந்து போய் மணி அடித்தேன்.