நடுவில் அளக்க வேண்டும்

புதுவயல் அரசுப் பள்ளியில்
வாரத்துக்கு மூன்று அரைநாள் எனக்குச் சம்பளம்.
பதினோரு வருடமாக.
வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில்
பென்சில் கோட்டுக்குக் கீழே
க. பாண்டிச்செல்வி, உடற்கல்வி, பகுதிநேரம்.

நெட் கட்ட டேப் கிடையாது.
கம்பத்தோடு முதுகு ஒட்டி நின்று கையைத் தூக்குவேன்.
விரல் நுனியில் ஒரு சாக்பீஸ் கோடு,
ஸ்டூல் போட்டு ஏறி அதற்கு மேல் ஒரு சாண்.
இரண்டு மீட்டர் இருபத்து நான்கு,
பெண்கள் உயரம், என் உடம்பிலேயே இருந்தது.
அடுத்த கம்பத்திலும் அப்படியே.
அது தார் டிரம்மில் சிமெண்டு ஊற்றி நட்டது,
பந்து பட்டால் தலையாட்டும்.

தேர்வு அறிவிப்பு வந்த அன்று
பி.பி.எட். சான்றிதழைத் தேடி எடுத்தேன்.
எல்.ஐ.சி. பத்திரத்தோடு ஒட்டிக்கொண்டு
பிரிய மாட்டேன் என்றது.
முத்திரையில் பாதி அதில் போய்விட்டது.

அவருக்கு ஆலையில் இரவு ஷிப்ட்.
நெல் அவியும் வாசம் ஜன்னல் வழியாக வர வர
எலும்புகள் இருநூற்று ஆறு,
ஓட்டப்பாதையின் வளைவுக்கு எவ்வளவு முன்தள்ளல்,
கைப்பந்து, பக்கம் நூற்றுப் பன்னிரண்டு:
வலையின் உயரத்தை
ஆடுகளத்தின் நடுவில் அளக்க வேண்டும்.

நடுவில்.

காலையில் தையல் டீச்சர் ஆரோக்கியமேரியிடம்
இஞ்சு டேப் கேட்டு வாங்கினேன்.
அது ஒன்றரை மீட்டர்தான்.
கம்பு ஒன்றை நட்டு, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து
மீதியை இரண்டாம் முறை அளந்தேன்.
பிறகு மூன்றாம் முறை.
கயிறு தொய்ந்திருந்த இடத்தில்
ஒன்பது செண்டிமீட்டர் குறைவு.
நாலு விரலுக்குக் கொஞ்சம் கூட.
செம்மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.
"என்ன டீச்சர், மயக்கமா?" என்றார் வாட்ச்மேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால், தேவகோட்டை,
மண்டலப் போட்டி, கடைசி செட்.
வள்ளிமயில் போட்ட சர்வீஸ்
வலையின் மேல்பட்டியில் பட்டு நம் பக்கமே விழுந்தது.
அடுத்ததும்.
அதற்கடுத்ததும் அங்கேயே, அதே நாலு விரலில்.
திரும்பும் பஸ்ஸில் நான்தான் சொன்னேன்:
"பயம்டி உனக்கு. வேற ஒண்ணுமில்ல."
காரைக்குடி வரும்வரை
கம்பியைப் பிடித்த கையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

சிவகங்கையில் தேர்வு.
எழுபத்தோராம் கேள்வி அதுதான்.
நான்கு விடைகள் நெருக்கமாக நின்றன.
தெரிந்த விடைதான், ஆனாலும்
என்னை அறியாமல் கை மேலே போய்விட்டது.
கண்காணிப்பாளர் ஓடி வந்தார்.
"தண்ணி வேணுமாம்மா?"
"இல்ல சார். அளந்து பாத்தேன்."
அவர் என் ஹால் டிக்கெட்டை
இன்னொரு தரம் வாங்கிப் பார்த்தார்.

வரும் வழியில் செக்காலை ரோட்டில் இறங்கினேன்.
துணிக்கடையில் இரண்டாம் மாடி.
லைனிங் துணியை இரும்பு மீட்டரில் வைத்து
வள்ளிமயில் அளந்துகொண்டிருந்தாள்.
கொஞ்சம் பூசியிருந்தாள்.
"பிளவுஸ் பிட்டா மிஸ்?"

சொன்னேன். நின்றபடியே எல்லாவற்றையும்:
கம்பம், கயிறு, இஞ்சு டேப், பக்கம் நூற்றுப் பன்னிரண்டு.
மன்னிப்பு என்ற சொல் வரவில்லை,
ஒன்பது செண்டிமீட்டர் என்றே
இரண்டு மூன்று தடவை சொன்னேன் போல.

அவள் மீட்டர் கம்பியின் நுனியை
நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"அப்ப எனக்குப் பயம் இல்லையா மிஸ்?"

"ரெண்டரை போதும்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார்
பக்கத்தில் நின்ற ஒருவர்.
அவள் குனிந்து
ஒரு முறை, இரண்டு முறை, அப்புறம் பாதி
அளந்து,
பல்லால் ஓரத்தைக் கடித்து
நேராகக் கிழித்தாள்.